சத்தம் அடங்கட்டும்

போன வருஷம் தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற என் அண்ணன் மகன் வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினான். "அத்தை, பார்சல் வந்துருச்சு. முறுக்கு டேஸ்ட் செம. என்ன, கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கு. அப்பத்தாவுக்குக் கொடுத்திருந்தீங்கன்னா பல்லு நோகாம சாப்பிட்டிருப்பாங்க." பையன் கேலி செய்யவில்லை. மனதில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு அதிகமாக உறுத்தியது. நமுத்துப்போன முறுக்கை 'சாஃப்ட்' என்று சொல்கிற நாசூக்கு எங்கள் காலத்தில் கிடையாது. முறுக்கைக் கையில் எடுத்து ஒரு வளை வளைப்பார்கள். உடையாமல் வளைந்தால் "நமுத்துப்போச்சு" என்று தட்டிலேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

சாத்தூரில் அம்மா வீட்டுப் பரணில் ஒரு பழைய 15 கிலோ எண்ணெய் டின் இருக்கிறது. மேல் தகட்டை வெட்டியெடுத்து, டின் பட்டறையில் கொடுத்து மூடி போட்டு வாங்கியது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அதற்குள் போகிற முறுக்கைக் கார்த்திகை தீபத்தன்று எடுத்துக் கடித்தாலும் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்கும். இத்தனைக்கும் அந்த மூடி அப்படியொன்றும் இறுக்கமானதில்லை, தட்டினால் ஆடும். நான் சென்னைக்கு வந்து 17 வருஷமாகிறது. அம்மா திரித்து அனுப்புகிற அதே மாவு, அம்மா சொன்ன அதே அளவு, அம்மா சீராகக் கொடுத்த அதே முறுக்குக் குழல். ஐந்தாம் நாள் நமுத்துவிடும். ஒவ்வொரு வருஷமும் போனில் இதைச் சொல்லும்போது அம்மாவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "நீ மூடியைத் திறந்து போட்டிருப்ப."

எனக்கென்று ஒரு கட்சி இருந்தது: குற்றவாளி சென்னைக் காற்று. நாங்கள் இருப்பது வேளச்சேரியில். ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, கொஞ்சம் தள்ளினால் கடல். சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத்துக்குள்தான் தீபாவளியும் வருகிறது, கார்த்திகையும் வருகிறது. வருஷத்திலேயே காற்றில் ஈரம் அதிகமாக இருக்கிற நாளாகப் பார்த்து, ஈரமே ஆகாத பலகாரத்தை டின் டின்னாகச் செய்து வைக்கிற வழக்கத்தை யார் தொடங்கினார்களோ. சரி, காற்றை மாற்ற முடியாது, டப்பாவை மாற்றலாம் என்று இறங்கினேன்.

டப்பா புராணம்

முதலில் ரப்பர் வளையம் வைத்து நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா. தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தாலும் சிந்தாது என்று கடைக்காரர் கவிழ்த்தே காட்டினார். அதில் ஐந்து நாளில் நமுத்தது மூன்றே நாளில் நமுத்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று அரிசியைத் துணியில் முடிந்து டப்பாவின் அடியில் போட்டேன். அடுத்த வருஷம் கல்லுப்பு முடிச்சு. இரண்டும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிற வைத்தியங்கள்தான். பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கடையில் வாங்கும் அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு தண்ணீர் இருக்கிறது. நன்றாகப் பொரிந்த முறுக்கில் இருப்பது இரண்டு, மூன்று பங்கு. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால் ஈரம் எங்கிருந்து எங்கே போகும்? நான் முறுக்குக்குக் காவல் வைத்ததாக நினைத்தது முறுக்குக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அரிசியைச் சட்டியில் போட்டுச் சிவக்க வறுத்து, ஆறவைத்து முடிந்திருந்தால் ஏதோ பலன் இருந்திருக்கும். உப்பு இன்னும் மோசமான ஆள். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது தண்ணீரை இழுக்கவே ஆரம்பிக்கும். முறுக்கு நமுக்க அதில் பாதி ஈரப்பதமே தாராளம்.

கணவர் தன் பங்குக்குப் புதுச் செருப்புப் பெட்டியிலிருந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அது உண்மையிலேயே ஈரத்தை இழுக்கிற பொருள்தான், உணவுக்கென்றே தனியாகவும் விற்கிறார்கள். ஆனால் செருப்போடு குடித்தனம் நடத்திய பொட்டலத்தை முறுக்கோடு போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக, காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டுகிற இயந்திரம் ஒன்று வாங்கினேன். முறுக்கைப் பையில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். காற்று போகப் போகப் பை இறுகியது, இறுக இறுக உள்ளே படபடவென்று சத்தம். அரை நிமிஷத்தில் அரைக் கிலோ முறுக்குத் தூள் கிடைத்தது. சிப்ஸ் பாக்கெட்டை ஏன் ஊதி விற்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. உள்ளே நைட்ரஜனை நிரப்புவதால் சிப்ஸும் உடைவதில்லை, எண்ணெயும் ஆக்சிஜன் படாமல் பிழைக்கிறது. காற்றை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று அதுவரை நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். தூளை என் மாமியார் இரண்டு நாள் தயிர்சாதத்தின் மேல் தூவிச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இயந்திரம் பரணில் இருக்கிறது.

கருப்புக் கண்ணாடி

இந்த வருஷம் புரட்டாசி கடைசியில் அம்மாவுக்கு இங்கே கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. தீபாவளி வரைக்கும் என்னோடுதான் இருந்தார். அடுப்புப் பக்கம் போகக்கூடாது, புகை படக்கூடாது, குனிந்து எதையும் தூக்கக்கூடாது என்று ஏகப்பட்ட கட்டளைகள். கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் சாப்பாட்டு மேசையின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சமையலறையிலிருந்து பார்த்தால் அவருடைய முதுகும் கொண்டையும் மட்டும் தெரியும். அன்றைக்கு முதல் ஈடு பிழிந்து போட்டேன். சிவந்தது. கண்கரண்டியில் அள்ளி, ஓரத்தில் தட்டி, வடிதட்டில் போட்டேன்.

"எடுத்துட்டியா?" என்றார் அம்மா, திரும்பாமலே.

"எடுத்துட்டேம்மா. செவந்துருச்சு."

"செவந்துருக்கும். இன்னும் பேசிக்கிட்டுல்ல இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. யார் பேசிக்கொண்டிருந்தது? அடுத்த ஈட்டைப் போடச் சொல்லிவிட்டு, "இப்பக் கேளு" என்றார். நான் கேட்டேன். போட்ட உடனே சோவென்று மழை மாதிரி ஒரு இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அது தணிந்து சலசலப்பானது. நிறம் ஏறியது, நான் வழக்கமாக எடுக்கிற நிறம். கரண்டியைக் கொண்டுபோனேன். "இரு இரு. அடுப்பைக் கொறை. நல்லாப் பேசி முடிக்கட்டும்." கருகிவிடும் என்றேன். "கொறைச்சா ஏன்டி கருகுது?" அடுப்பைக் குறைத்தேன். சலசலப்பு மெல்ல மெல்ல இளைத்தது. பெரிய குமிழெல்லாம் போய், முறுக்கின் ஓரத்தில் கடுகளவு நுரை மட்டும் நின்றது. பிறகு அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டு, பொட்டு. பிறகு ஒன்றுமில்லை, வெறும் எண்ணெய். "ம், இப்ப எடு" என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு பக்குவம் சொல்கிறார் என்பது எனக்குத்தான் வியப்பு. அவரைப் பொறுத்தவரை அதில் கண்ணுக்கு எப்போதும் வேலை இருந்ததில்லை.

இதை ஏன் 17 வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதைப் போய்ச் சொல்லுவாகளா?" என்றார். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாத்தூரில் முறுக்குச் சுடுகிற நாளில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பிழிவது. துணி விரித்துச் சுற்றுச் சுற்றாகப் பிழிந்து வைப்பேன், அண்ணன் எடுத்து நீட்டுவான், அம்மா சட்டி முன்னால் இருப்பார். ஒரு தடவைகூட அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. மாவின் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுத முடியாததை எழுதவில்லை.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று ஈட்டை என் பழைய பக்குவத்திலேயே, சிவந்ததும் எடுத்து, ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டேன். அம்மா பக்குவத்தில் எடுத்ததை அதே மாதிரி இன்னொரு சம்புடத்தில். இரண்டுக்கும் சாதாரண மூடி. மேலே ஒட்டுத்தாளில் 'நான்', 'அம்மா' என்று எழுதிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். வெளியே மூன்று நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் 'நான்' வளைந்தது. 'அம்மா' உடைந்தது.

உள்ளே இருந்த ஈரம்

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நல்ல மழைநாளில், 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 15 லிட்டர் டின் முழுக்க அந்தக் காற்றே நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் அரைக் கிராம்கூட இல்லை. டின்னில் இரண்டு கிலோ முறுக்கு. அது நமுக்க நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் கூடினால் போதும் என்று வைத்தால் 40 கிராம் தண்ணீர் வேண்டும். அதாவது, ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற காற்று முழுசாக மாறினாலும், நூறு தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து நாளில் நூறு தடவை டின்னைத் திறக்கிற அளவுக்கு யாரும் இல்லை, கணவரைத் தவிர. திறந்தே கிடந்தால் கதை வேறு, காற்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் திறந்து மூடியதற்காக இத்தனை வருஷமாக வாங்கிய திட்டுக்கு அடிப்படை இல்லை. சென்னைக் காற்றை நான் திட்டியதற்கும் இல்லை.

ஈரம் முறுக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு கிலோ மாவுக்கு நான் முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டுப் பிசைகிறேன். போதாததற்கு வெண்ணெய் போடுகிறேன், அதிலும் நூற்றுக்குப் பதினாறு பங்குவரை தண்ணீர். இந்தத் தண்ணீர் அத்தனையும் ஆவியாகி வெளியேற வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிலோ மாவு முறுக்காகி முடிவதற்குள் 1,200 லிட்டருக்கு மேல் ஆவி அந்தச் சட்டியிலிருந்து எழும்பிப் போயாக வேண்டும். அம்மா 'பேச்சு' என்றது அதைத்தான். தண்ணீர் போகிற சத்தம் அது. நான் தீயைக் கூட்டி வைத்துச் சீக்கிரம் சிவக்கவைத்து எடுத்துவிடுவேன். வெளிப்பக்கம் காய்ந்து மொறுமொறுவென்றிருக்கும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். சூட்டோடு கடித்துப் பார்க்கிற எவருக்கும் அது தெரியாது. நாலைந்து நாளில் உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளிப்பக்கத்துக்குப் பரவி எல்லாம் ஒரே பதமாகும்போது முறுக்கு வளையும். மொறுமொறுப்பு என்பது மாவுச்சத்து கண்ணாடி மாதிரி இறுகி நிற்கிற நிலை, கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்கிறார்கள். கிளிப் போட்ட டப்பாவில் ஏன் இன்னும் சீக்கிரம் கெட்டது என்பதும் இப்போது விளங்கியது. ஆறுவதற்கு முன்பே போட்டு மூடியிருக்கிறேன். வெளியே போகவேண்டிய கொஞ்சநஞ்ச ஆவிக்கும் அந்த உத்தமமான மூடி வழிவிடவில்லை.

மணப்பாறைக்காரர்கள் இதை வேறு விதமாகச் சாதிக்கிறார்கள். முறுக்கை அரைப் பதத்தில் எடுத்து ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். ஆறுகிற நேரத்தில் நடுவில் உள்ள ஈரம் வெளிப்பக்கம் வந்துவிடும், இரண்டாவது எண்ணெய் அதையும் விரட்டிவிடும். 2023-இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் அந்த ஊர்த் தண்ணீரின் உப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ருசிக்கு அது காரணமாக இருக்கலாம். ரயிலிலும் பஸ்ஸிலும் நாள்கணக்கில் பயணம் செய்து தாங்குவதற்கு இரண்டாவது எண்ணெய்தான் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தவறையும் அம்மா கண்டுபிடித்தார். சூடாக மூடக்கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகு நான் எதிர்ப் பக்கம் போயிருந்தேன். முறுக்கைத் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, நன்றாக ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "காத்தடிக்கிற எடத்துல ஏன் காயப்போட்டிருக்க, அது என்ன துணியா?" என்று கேட்டார். கையில் சூடு தெரியாத அளவு ஆறினால் போதும், உடனே டின்னுக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் விட்டால், காய்ந்த முறுக்கின் மேல் மழைக்காற்றை விசிறி விசிறி ஊட்டுகிறோம். டின்னுக்குள் வருகிற அரைக் கிராமுக்குப் பயந்து மூடியை மாற்றிக்கொண்டிருந்தவள், வெளியே எட்டு மணி நேரம் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறேன். அண்ணன் மகனுக்கு அனுப்பிய பார்சலில் முறுக்கோடு அதிரசத்தையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாகில் செய்தது எப்போதும் ஈரத்தோடுதான் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கும். அக்கம்பக்கத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அன்றைக்கே சாப்பிடுவார்கள், பரவாயில்லை. கோயம்புத்தூருக்கு அப்படி அனுப்பியிருக்கக்கூடாது.

நமுத்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'நான்' சம்புடத்தை ஓவனில் 120 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து எடுத்து ஆறவிட்டேன். திரும்பவும் உடைகிற பதத்துக்கு வந்தது. ஓவன் இல்லையென்றால் கனமான இருப்புச்சட்டியை அடுப்பில் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் புரட்டிப் புரட்டி எடுக்கலாம். அதை மட்டும் இரண்டே நாளில் தீர்த்துவிட வேண்டும். சூடுபட்ட பழைய எண்ணெய் நாள் தாங்காது.

சிக்கு

தீபாவளி முடிந்து அம்மாவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்து, 'அம்மா' முறுக்கில் ஒரு கிலோவை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்தேன். கார்த்திகைக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். இடையில் ஆறு வாரத்துக்கு மேல். தீபத்தன்று விளக்கெல்லாம் ஏற்றி முடித்து, டின்னை இறக்கிக் கூடத்தில் வைத்துத் திறந்தேன். ஒன்றை எடுத்து வளைத்தேன். டக்கென்று உடைந்தது. மாடிப்படியில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த கணவர் அங்கிருந்தே, "ஜெயிச்சுட்டபோல!" என்றார். வாயில் போட்டேன். மொறுமொறுப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டாவது கடியில், நாக்கின் பின்பக்கம், லேசாக ஒரு சிக்கு வாடை.

நமுப்பது வேறு, சிக்கடிப்பது வேறு. இரண்டையும் 'பழசாயிருச்சு' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். நமுப்பது தண்ணீரால். சிக்கு, எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதால். முன்னதை ஓவன் மீட்கும், பின்னதை எதுவும் மீட்காது. வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாகக் கெடும். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் அழகாக அடுக்குவது சேவுக்கும் ஓமப்பொடிக்கும் நாமே வைக்கிற கெடு. ஏற்கனவே காய்ந்த எண்ணெயில் பொரித்தாலும் அப்படித்தான். கடைகளில் பொரிக்கிற எண்ணெய்க்கே ஒரு வரம்பு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த விதிப்படி, எண்ணெய் காயக் காய அதில் சேர்கிற 'போலார்' சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது. 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வீட்டுச் சட்டியை யார் அளக்கிறார்கள்? டின்னின் மூலையில் போன வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் புதுசுக்கு நோய் பரப்பும். அம்மா டின்னைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முறுக்கைப் போடுவார். நான் பிஸ்கட் டின்னைத் துணியால் துடைத்ததோடு சரி.

போனில் சொன்னேன். உடைந்த சத்தத்தைச் சொன்னபோது அம்மா ஒன்றும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, உடையாமல் வேறென்ன செய்யும் என்கிற மாதிரி ம்ம் கொட்டினார். வாடையைச் சொன்னதும் குரல் மாறியது.

"என்ன எண்ணெய்டி ஊத்துன?"

"சூரியகாந்திதான்மா. எப்பவும் வாங்குறதுதான்."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பின்னால் சாத்தூர்ப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம், யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப் போல, "இத்தனை நாளா எந்த எண்ணெயில சுட்டான்னு நானும் கேக்கல பாரு" என்றார்.